முதல் இலை ஆளுக்கா, செய்திக்கா?

கேள்வி: குன்னூரில் ஒரு சிறிய தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். வீட்டில் படுகு பேசுவோம். விடுதிக்கு வருகிறவர்களில் பலர் வட இந்தியர்கள், வெளிநாட்டினர். அவர்களிடம் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். பேச்சு எப்படியோ ஓடிவிடுகிறது. ஆனால் 'டு', 'வித்', 'அபவுட்' இவற்றை எங்கே போடுவது, எங்கே விடுவது என்று தெரியாமல் தடுமாறுகிறேன். அண்மையில் ஒருவருக்கு மலை ரயில் நேரத்தைச் சொல்வதற்காக 'ஐ வில் எக்ஸ்பிளெயின் யூ' என்று தொடங்கினேன். அவர் உடன் வந்தவரைப் பார்த்துச் சிரித்தார். 'டெல்' பக்கத்தில் 'டு' போடக்கூடாது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். அதைத்தானே 'எக்ஸ்பிளெயின்' பக்கத்திலும் செய்தேன்? பட்டியலை மனப்பாடம் செய்யாமல் இதைக் கற்க வழி உண்டா? எங்கள் முதலாளி எழுதி எல்லா அறைகளிலும் ஒட்டியிருக்கும் அறிவிப்பையும் அனுப்பியிருக்கிறேன். அதில் தவறு இருந்தால் அவரிடம் எப்படிச் சொல்வது?

— குன்னூர் வாசகி

பதில்: சகோதரி, முதலில் அந்தச் சிரிப்பை ஒதுக்கி வையுங்கள். வந்த ஊரின் மொழியில் ஒரு சொல் தெரியாதவர், மூன்றாவது மொழியில் தனக்கு வழி சொல்ல வந்த பெண்ணைப் பார்த்துச் சிரித்தால், குறை அவருடைய வளர்ப்பில். உங்கள் தவறு, யோசிக்கிறவர்கள் செய்யும் தவறு. ஒரு விதியைக் கற்று, அதே குடும்பத்துச் சொல் என்று நினைத்த இன்னொன்றுக்கும் அதை நீட்டினீர்கள். ஆங்கில வினைச்சொற்கள் ஒரே குடும்பம் போலத் தோன்றினாலும் ஒரே வீட்டுப் பழக்கம் உள்ளவை அல்ல. சிக்கல் அங்கேதான்.

உதகையிலும் குன்னூரிலும் விடுதிப் பணியாளர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருவது என் தொழில். ஓட்டுநர், சமையல்காரர், மேலாளர் என்று யார் வந்தாலும் இந்த இடத்தில் சறுக்குவதைப் பார்க்கிறேன். காரணம் நம் மொழி. அவரிடம் சொன்னேன், அவரிடம் பேசினேன், அவரிடம் கேட்டேன், அவரிடம் விளக்கினேன், அவரிடம் முறையிட்டேன். ஐந்து வினைகளுக்கும் ஒரே 'இடம்'. சில இடங்களில் 'அவருக்கு' என்று மாற்றினாலும் குடி முழுகிவிடாது. விஷயத்துக்கு 'பற்றி' என்று ஒன்றை வைத்திருக்கிறோம். அதைப் பற்றிச் சொன்னேன், பேசினேன், கேட்டேன், விவாதித்தேன். இங்கும் வினை எதுவானாலும் 'பற்றி' முகம் சுளிப்பதில்லை. உங்கள் படுகும் இதே திராவிடக் குடும்பம்தான். உருபு பெயரின் வாலில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே 'இடம்' என்றால் 'டு', 'பற்றி' என்றால் 'அபவுட்' என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த முடிவு பெயரின் கையில் இல்லை, வினையின் கையில் இருக்கிறது.

வினை என்ன முடிவு செய்கிறது? பந்தியில் முதல் இலை யாருக்கு என்பதை. பேசுவது தொடர்பான எந்த வினைக்கும் இரண்டு விருந்தாளிகள் உண்டு. ஒன்று, கேட்கிற ஆள். மற்றொன்று, சொல்லப்படுகிற செய்தி. வினையை ஒட்டி, இடையில் 'டு', 'அபவுட்' போன்ற பிரிபொசிஷன் எதுவும் இல்லாமல் உட்காரும் உரிமை சில வினைகளில் ஆளுக்கு, சில வினைகளில் செய்திக்கு, சிலவற்றில் இருவருக்குமே இல்லை. முதல் இலை கிடைக்காதவர் பெரும்பாலும் 'டு', 'அபவுட்', 'ஃபார்' என்று யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். பட்டியலை நெட்டுருப் போடுவதைவிட ஒவ்வொரு வினையிடமும் இந்த ஒரு கேள்வியைக் கேட்பது எளிது.

'டெல்' ஆளுக்கு முதல் இலை போடும் வினை. 'ஐ டோல்ட் ஹிம்'. இடையில் 'டு' கிடையாது. 'ஆஸ்க்', 'இன்ஃபார்ம்', 'ரிமைண்ட்', 'வார்ன்', 'அட்வைஸ்', 'தேங்க்' எல்லாம் இதே வரிசை. செய்தி பின்னால், பெரும்பாலும் துணையோடு வரும். 'ஐ டோல்ட் ஹிம் அபவுட் த இ-பாஸ்'. 'ஐ ரிமைண்டட் ஹெர் அபவுட் த ட்ரெயின்'. மாலையில் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் நடக்கக் கிளம்புகிறவர்களை, நம் ஊரில் எல்லோரும் பைசன் என்று சொல்லும் காட்டெருமை குறித்து எச்சரித்தீர்களா? 'ஐ வார்ன்ட் தெம் அபவுட் த பைசன்'. 'வார்ன்ட் டு தெம்' அல்ல.

'டெல்' வினைக்கு இன்னொரு பிடிவாதம் உண்டு. தனக்குரிய ஆள் இலையில் உட்காராமல் செய்தியை உள்ளே விடாது. தமிழில் 'சாலை மூடியிருக்கிறது என்று சொன்னார்' என்றால் போதும், யாரிடம் என்று கேட்க மாட்டோம். அதை அப்படியே 'ஹி டோல்ட் தட் த ரோட் இஸ் குளோஸ்ட்' என்று மாற்றினால் ஆங்கிலக் காதுக்கு ஒரு படி விடுபட்டதுபோல் இருக்கும். ஒன்று 'ஹி டோல்ட் மீ தட்' என்று ஆளைச் சேர்க்க வேண்டும், அல்லது வினையை மாற்றி 'ஹி ஸெட் தட்' என்று சொல்ல வேண்டும். விதிவிலக்காகச் சில பழைய சேர்க்கைகள் உண்டு. உண்மை, பொய், கதை ஆகிய மூன்றும் 'டெல்' பக்கத்தில் ஆள் இல்லாமலே உட்காரும். 'டெல் த ட்ரூத்', 'டெல் எ லை', 'டெல் எ ஸ்டோரி'. கதையை முன்னே வைத்து ஆளைப் பின்னே தள்ளினால் 'டு' வந்துவிடும்: 'ஷி டோல்ட் த ஸ்டோரி டு மீ'. 'டெல்' பக்கத்தில் 'டு' வரவே வராது என்று பள்ளியில் சொன்னது முக்கால் உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்களைச் சிக்கவைத்த 'எக்ஸ்பிளெயின்'. இது செய்திக்கு முதல் இலை போடும் வினை. 'ஸே', 'ஸஜஸ்ட்', 'மென்ஷன்', 'டிஸ்கிரைப்', 'அனௌன்ஸ்' ஆகியவையும் அப்படியே. ஆள் வேண்டுமென்றால் 'டு' பிடித்துக்கொண்டு பின்னால் வர வேண்டும். 'ஐ வில் எக்ஸ்பிளெயின் த ட்ரெயின் டைமிங்ஸ் டு யூ'. விளக்க வேண்டியது நீளமாக இருந்தால் ஆளை முன்னே கொண்டுவரலாம், ஆனால் 'டு' கையை விடக்கூடாது. மலை ரயில் பாதையில் கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஓடுகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு, 12 அடி போனால் 1 அடி உயரும் சரிவில் ஏறுகிறது. இதையெல்லாம் விருந்தினருக்குச் சொல்லப் போகிறீர்கள். அப்போது 'லெட் மீ எக்ஸ்பிளெயின் டு யூ ஹௌ த ராக் ரெயில்வே வொர்க்ஸ்' என்று தொடங்குங்கள். 'எக்ஸ்பிளெயின் யூ' என்றால், விளக்கப்பட வேண்டிய புதிரே அந்த மனிதர் என்று பொருள் போய்விடும். அவர் நடந்துகொண்டதைப் பார்த்தால் அதுவும் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும், விடுங்கள்.

இதில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. மேசைக்கு எதிரே நிற்கிறவருக்கு விளக்கும்போது 'உங்களுக்கு' என்ற சொல்லே தேவையில்லை. 'லெட் மீ எக்ஸ்பிளெயின்' என்றால் தீர்ந்தது. 'டு' போடுவதா வேண்டாமா என்ற கேள்வியே எழாது. 'ஸஜஸ்ட்' வினைக்கும் இதுவே நல்லது. 'ஸஜஸ்ட் மீ எ குட் ரெஸ்டாரண்ட்' என்று விருந்தினர்களே உங்களிடம் கேட்பார்கள். படித்தவர்கள், பெரிய வேலையில் இருப்பவர்கள் கேட்பார்கள். அதைப் பார்த்துப் பழகிவிட வேண்டாம். 'கேன் யூ ஸஜஸ்ட் எ குட் ரெஸ்டாரண்ட்?' என்பதுதான் சரியான கேள்வி. நீங்கள் பதில் சொல்லும்போதும் 'ஐ ஸஜஸ்ட் திஸ் பிளேஸ்' போதும்.

செய்திக்கு முதல் இலை கிடைக்கும் இடத்தில் 'அபவுட்' எதற்கு? இங்கேதான் 'டிஸ்கஸ்' வருகிறது. 'வி டிஸ்கஸ்ட் அபவுட் த புக்கிங்' என்பது தவறு, 'வி டிஸ்கஸ்ட் த புக்கிங்' என்பது சரி. 'மென்ஷன் அபவுட்', 'டிஸ்கிரைப் அபவுட்' இரண்டும் இதே தவறுதான். பழியை முழுக்க நம் 'பற்றி' மீது போடவும் முடியாது. ஆங்கிலமே ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறது. வினையாக இருக்கும்போது துணை வேண்டாத சொல், பெயராக மாறியதும் துணை கேட்கும். 'டிஸ்கஸ் த ரேட்', ஆனால் 'எ டிஸ்கஷன் அபவுட் த ரேட்'. 'டிஸ்கிரைப் த ரூம்', ஆனால் 'எ டிஸ்கிரிப்ஷன் ஆஃப் த ரூம்'. 'ரிக்வெஸ்ட் எ ஹீட்டர்', ஆனால் 'எ ரிக்வெஸ்ட் ஃபார் எ ஹீட்டர்'. 'ஆன்ஸர் த கொஸ்டின்', ஆனால் 'த ஆன்ஸர் டு த கொஸ்டின்'. ஆங்கிலம் நிறையப் படித்தவர்கள்தான் இந்தக் குழியில் அதிகம் விழுகிறார்கள். பெயர்ச்சொல்லோடு பார்த்துப் பழகிய துணையை வினைக்கும் சேர்த்துவிடுகிறார்கள். ஐயம் வந்தால், கையில் இருப்பது வினையா பெயரா என்று பாருங்கள்.

'டிஸ்கஸ் அபவுட்' இந்தியா முழுவதும் கேட்கிற ஒன்று. ஆப்பிரிக்க நாடுகளிலும் சிங்கப்பூரிலும்கூடக் கேட்கும். ஒருநாள் அகராதிக்காரர்கள் ஒத்துக்கொள்ளலாம். என் கருத்து இது: பேச்சில் வாய் தவறி வந்துவிட்டால் நின்று திருத்தாதீர்கள், பேச்சின் ஓட்டம் அதைவிட முக்கியம். மின்னஞ்சலிலும் சுவரில் ஒட்டும் தாளிலும் விடாதீர்கள். எழுத்து அங்கேயே நின்று எல்லோருக்கும் முகம் காட்டிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது வகையில் முதல் இலை யாருக்கும் இல்லை. 'ஸ்பீக்', 'டாக்', 'கம்ப்ளெயின்', 'ரிப்ளை', 'அபாலஜைஸ்', 'ஆர்க்யூ'. ஆளும் துணையோடு வர வேண்டும், செய்தியும் துணையோடு வர வேண்டும். 'ஹி கம்ப்ளெயின்ட் டு மீ அபவுட் த கீஸர்'. 'வி அபாலஜைஸ் டு யூ ஃபார் த டிலே'. 'ஹி ஆர்க்யூட் வித் த டிரைவர் அபவுட் த ஃபேர்'. சண்டைக்கு 'வித்', மன்னிப்புக்கும் புகாருக்கும் 'டு'. 'ஸ்பீக்', 'டாக்' இரண்டோடும் 'டு' வரலாம், 'வித்' வரலாம். அமெரிக்கர்கள் 'வித்' சற்று அதிகம் சொல்வார்கள். இதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மொழியின் பெயர் மட்டும் 'ஸ்பீக்' பக்கத்தில் நேராக உட்காரும்: 'ஐ ஸ்பீக் படுகா'. 'ரிப்ளை', 'ஆன்ஸர்' இரண்டும் பதில்தான், ஆனால் 'ரிப்ளை டு த மெயில்', 'ஆன்ஸர் த மெயில்'. 'ஆன்ஸர்' வினையில் ஆளுக்கு முன் 'டு' போட்டால் பொருளே வேறு. 'ஐ ஆன்ஸர் டு த மேனேஜர்' என்றால் மேலாளருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவள், அவர் கீழ் வேலை செய்கிறவள் என்று ஆகும்.

துணை மாறினால் பொருள் மாறுவது உங்கள் மேசையில் அதிகம் நேரக்கூடியது 'ஆஸ்க்' வினையில்தான். கேட்டல் என்பதற்குள் தமிழ் எல்லாவற்றையும் அடக்கிவிடும். கம்பளி கேட்டார், விலை கேட்டார், மேலாளரைக் கேட்டார். ஆங்கிலத்தில் 'ஹி ஆஸ்க்ட் த ப்ரைஸ்' என்றால் விலை எவ்வளவு என்று கேட்டார். 'ஹி ஆஸ்க்ட் ஃபார் எ பிளாங்கெட்' என்றால் கம்பளி தரும்படி கேட்டார். 'ஹி ஆஸ்க்ட் அபவுட் த பிளாங்கெட்' என்றால் கம்பளி தொடர்பாக ஏதோ விசாரித்தார், தோய்த்ததா என்று கேட்டிருக்கலாம். இனி இதைப் பாருங்கள். 'ஹி ஆஸ்க்ட் த மேனேஜர்': மேலாளரிடம் ஏதோ வினவினார். 'ஹி ஆஸ்க்ட் ஃபார் த மேனேஜர்': மேலாளரைக் கூப்பிடு என்றார். இரண்டாவதைச் சொல்ல நினைத்து முதலாவதைச் சொன்னால், உங்கள் முதலாளி மாடியிலேயே தேநீர் குடித்துக்கொண்டிருப்பார், கீழே விருந்தினர் கொதித்துக்கொண்டிருப்பார்.

'ஐ ஆஸ்க்ட் ஹிம் டு வெயிட்' என்பதில் 'டு' இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது 'ஹிம்' என்பதற்கு முன்னால் இல்லை, பின்னால் இருக்கிறது. 'வெயிட்' என்ற வினையைச் சேர்ந்தது அது. இந்த 'டு' ஆளைக் கூட்டிவருகிற 'டு' அல்ல. இரண்டையும் ஒன்று என்று நினைப்பதால்தான் 'ஆஸ்க்ட் டு ஹிம்' என்று வாயில் வந்துவிடுகிறது.

'ஷௌட்' வினையும் மலையில் அடிக்கடி வேண்டியிருக்கும். பனிமூட்டத்தில் எதிர்ப்பக்கம் நிற்கிற ஓட்டுநருக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தால் 'ஐ ஷௌட்டட் டு த டிரைவர்'. 'ஷௌட்டட் அட்' என்றால் திட்டினீர்கள் என்று ஆகிவிடும். 'கால்' வினையில் நம்மவர்கள் தேவையில்லாமல் ஓர் 'ஆஸ்' சேர்ப்பார்கள். 'திஸ் இஸ் கால்ட் ஆஸ் டால்பின்ஸ் நோஸ்' என்று அந்தக் காட்சிமுனையில் வழிகாட்டிகள் ஒலிபெருக்கியில் முழங்குவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 'கால்ட் டால்பின்ஸ் நோஸ்' போதும். 'ஆஸ்' வேண்டுமென்றால் 'நோன் ஆஸ்' என்று சொல்லுங்கள்.

வழி என்ன என்று கேட்டீர்கள். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே செய்த அகராதி ஒன்று வாங்குங்கள், அல்லது கைப்பேசியில் பாருங்கள். தமிழ்ப் பொருள் மட்டும் கொடுக்கும் அகராதி இதற்கு உதவாது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி என்பவர் 1942இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதியில், ஒரு வினை எந்த அமைப்பில் வரும் என்பதையும் சேர்த்தே காட்டினார். இன்றைய கற்போர் அகராதிகள் அந்த வழியில் வந்தவை. அவற்றில் 'சம்பாடி', 'சம்திங்' என்ற இரண்டு சொற்களின் சுருக்கம் (sb, sth) வினைக்குப் பக்கத்தில் இருக்கும். 'டெல் சம்பாடி சம்திங்', 'எக்ஸ்பிளெயின் சம்திங் டு சம்பாடி' என்று காட்டியிருப்பார்கள். முதலில் நிற்பது ஆளா செய்தியா என்று பார்த்தால் முதல் இலை யாருக்கு என்று தெரிந்துவிடும். பலர் பொருளை மட்டும் படித்துவிட்டு இந்தச் சுருக்கங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு, மேசையில் நீங்கள் நாள்தோறும் சொல்கிற வாக்கியங்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஆளும் செய்தியும் இரண்டும் இருக்கட்டும். வாய்விட்டுச் சொல்லுங்கள். வினையைத் தனியாக எழுதிப் படிப்பதால் பயனில்லை.

இனி உங்கள் முதலாளியின் அறிவிப்பு. நான்கு வரி, நான்கிலும் இதே கோளாறு. 'வி ரிக்வெஸ்ட் டு ஆல் கெஸ்ட்ஸ் நாட் டு ஃபீட் த மங்கீஸ்' என்பதில் முதல் 'டு' வெளியே போக வேண்டும். என்னைக் கேட்டால் 'ப்ளீஸ் டூ நாட் ஃபீட் த மங்கீஸ்' என்றே எழுதுவேன். குரங்குக்குத் தீனி போடுகிறவரிடம் அத்தனை பணிவு தேவையில்லை. 'கைண்ட்லி இன்ஃபார்ம் டு ரிசெப்ஷன் ஃபார் ஹாட் வாட்டர்' என்பதில் 'டு' போனாலும் வாக்கியம் தேறாது, ஏனென்றால் வேண்டுவது தகவல் அல்ல, வெந்நீர். 'ப்ளீஸ் ஆஸ்க் ரிசெப்ஷன் ஃபார் ஹாட் வாட்டர்'. 'டிஸ்கஸ் அபவுட் டாக்ஸி ரேட் வித் டிரைவர்' என்பதில் 'அபவுட்' போக வேண்டும், 'வித்' இருக்கலாம். 'அக்ரீ ஆன் த ஃபேர் வித் த டிரைவர்' என்று மாற்றினால் இன்னும் நல்லது, பேசுவதோடு நிற்காமல் ஒரு தொகைக்கு உடன்படச் சொல்கிறது. கடைசி வரி 'டெல் டு மேனேஜர்'. அதை இந்நேரம் நீங்களே திருத்தியிருப்பீர்கள்.

முதலாளியிடம் தவறு என்ற சொல்லையே எடுக்காதீர்கள். ஐப்பசி மழையில் குன்னூரில் சுவரில் ஒட்டிய எந்தத் தாளும் நமத்துப் போகும். புதிதாக அச்சிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள், திருத்தங்களை அதிலேயே செய்துவிடுங்கள். ஏன் மாற்றினாய் என்று கேட்டால் அகராதியைத் திறந்து காட்டுங்கள், அதற்கு மேல் வாதம் வேண்டாம். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதை அவர் எழுத மறந்திருக்கிறார். அதை ஐந்தாவது வரியாகச் சேர்க்கலாமா என்று நீங்களே கேட்டால், தாளை மாற்ற அவருக்கும் ஒரு காரணம் கிடைக்கும். 'பிளாஸ்டிக் வாட்டர் பாட்டில்ஸ் ஆர் பேன்ட் இன் த நீல்கிரிஸ். ப்ளீஸ் ஆஸ்க் அஸ் ஃபார் ட்ரிங்கிங் வாட்டர்.' இதில் 'அஸ்' முன்னால் 'டு' இல்லை, 'ட்ரிங்கிங் வாட்டர்' முன்னால் 'ஃபார்' இருக்கிறது. அச்சிடுகிறவர் மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.